செவலைப் பூனைக்குப் போட்ட ஊசி

அபிராமத்துப் பக்கம் மிளகாய்க் கொல்லைகளில் களையெடுத்த நாகலெட்சுமி, கூலியைக் குறைத்த பண்ணைக்காரரை வரப்பிலேயே மறித்துக் கேட்டவள். அப்படிப்பட்டவளுக்கு 1996-ல் ஒரு காலையில், கையில் சின்ன ஊசியோடு உட்கார்ந்திருந்தபோது உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது.

நாய் கடித்து அவளுடைய செவலைப் பூனைக்குத் தொடையில் சீழ் பிடித்திருந்தது. பரமக்குடி மாட்டாஸ்பத்திரிக்கு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனபோது, பூனை சகுனத்துக்கு ஆகாது என்று கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்டார். மீதி தூரத்தை நடந்தே போய்ச் சேர்ந்தாள். உள்ளூர் கால்நடை உதவியாளரோ அவர்கள் தெருவுக்குள் மாட்டுக்கே வரமாட்டார். இதையெல்லாம் கேட்ட ஆஸ்பத்திரி டாக்டரம்மா முதல் ஊசியைப் போட்டுவிட்டு, மீதி மருந்தைத் தனித்தனி ஊசிகளில் அளந்து அடைத்துக் கொடுத்தார்.

“தினம் ஒண்ணு. விட்டுட்டா பிழைக்காது. பிடரித் தோலைக் கூடாரமாத் தூக்கி, அதுக்குள்ள சாய்ச்சுக் குத்தணும். மருந்து சிந்திட்டா, அன்னைக்கு மறுபடி போட்டுடாதே.”

பூனையைப் பிடித்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. பக்கத்து வீட்டு சேதுலட்சுமி வாசலோடு நின்றாள்.

“ஒங் கையால செத்துச்சுன்னா தங்கத்துல பூனை செஞ்சு ராமேஸ்வரத்துல தானம் குடுக்கணும்டி. ஒன் மூக்குத்தியே கவரிங்கு!”

புருஷன் வீரையாவும் நழுவினான். ஒரு தெருவையே ஒதுக்கிவைத்த ஊருக்குப் பாவமில்லை. நோயாளிப் பூனையைப் பிடிக்கிறவனுக்குத்தான் பாவமாம்!

தனியாகவே துணிந்தாள். பண்ணையில் மாட்டுக்கு ஊசி போடுகிறவர்கள் கழுத்தில் பட்பட்டென்று தட்டிவிட்டுக் குத்துவதைப் பார்த்திருந்தாள். அதே பழக்கத்தில் பூனையையும் தட்டினாள். அது அவள் கையைப் பிறாண்டிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் பாய்ந்தது. இழுத்துச் சாக்கில் சுற்றி, தோலைத் தூக்கி, பதறிக் குத்தினாள். மருந்து இறங்கியது. ஆனால் தோலின் மறுபக்கத்தில் முடி நனைந்திருந்தது. ஊசி இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிட்டது.

“இன்னொண்ணு போட்டுரு புள்ள” என்றான், வாசலிலிருந்து எட்டிப்பார்த்த வீரையா.

“போடக்கூடாது. எம்புட்டு உள்ள போச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

அன்று கொல்லையில் களைக்குப் பதில் செடியைப் பிடுங்கி ஏச்சு வாங்கினாள். வீடு திரும்பியபோது பூனை சோற்றைத் தொடவில்லை. காது அனலாகச் சுட்டது.

மறுநாள் காலை புருஷன் முன்னால் போய் நின்றாள்.

“மச்சான், நீங்க பிடிச்சிருந்தா நேத்து மருந்து வீணாகியிருக்காது. இன்னைக்கும் ஒதுங்கி நின்னு இது செத்தா, அது மட்டும் பாவமில்லையா?”

வீரையா வந்து உட்கார்ந்தான். சாக்கோடு பூனையை மடியில் அணைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவள் தோலைத் தூக்கினாள். அவசரப்படாமல் ஊசியை நுழைத்தாள். எடுத்தபின் மறுபக்கத்து முடியைத் தடவினாள். ஈரம் இல்லை.

“போடு புள்ள, கை கடுக்குது” என்றான், கண்ணைத் திறக்காமல்.

“போட்டாச்சு.”

கடைசி ஊசியன்று பூனை சாக்குக்குள்ளிருந்து திமிறி அவன் மணிக்கட்டைக் கடித்தது. ரத்தம் எட்டிப்பார்த்தது. வீரையா கையை உதறிக்கொண்டே சிரித்தான்.

“ஏ புள்ள, கடிக்கத் தெம்பு வந்துருச்சு இதுக்கு!”