மூன்று விரலுக்கு ஒரு பிடி

இந்த நாட்டில் கத்தியைக் கையில் தருகிறார்கள். பிடியை நம் பக்கம் திருப்பி, கண்ணைப் பார்த்து, ஒரு சிரிப்போடு நீட்டுகிறார்கள். சூக் நகரத்து உணவகம் ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, சமையலறையின் தலைவர், நாங்கள் எல்லோரும் ஷெஃப் என்று கூப்பிடுகிறவர், அப்படித்தான் ஒரு கத்தியை என்னிடம் நீட்டினார். நான் பின்னால் நகர்ந்து மேசையைக் காட்டினேன். அங்கே வையுங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். இவன் போரிலிருந்து வந்தவன், கத்தியைக் கண்டால் பயப்படுகிறான் என்று அவர் முடிவுசெய்து, அன்றைக்கே என்னைப் பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டார். சுவிஸ் சமையலறைகளில் பாத்திரம் கழுவும் இடத்துக்கு ஒபிஸ் என்று பெயர். மருமகனுக்கு சுவிசில் ஒபிஸ் வேலை என்று என் மாமியார் ஊரில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

எங்கள் வீட்டில் கத்தி, அரிவாள், பாக்குவெட்டி எதையும் கையோடு கை மாற்ற மாட்டோம். ஒருவர் கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். கையில் கொடுத்தால் உறவு அறுந்துவிடும். என் தகப்பனும் சித்தப்பாவும் செத்தவீட்டில்கூட முகம் பார்க்காமல் போனதற்குக் காரணம், சித்தப்பா ஒருநாள் அரிவாளைக் கையில் கொடுத்ததுதான் என்று அம்மா சொல்லுவா. அதே அரிவாளால் எங்கள் வேலியை வெட்டி ஒரு முழம் உள்ளே தள்ளிப் போட்டதை அவ ஒரு காரணமாகவே எடுப்பதில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான்தான் இன்று ஓர்லிகோனில், எங்கள் குடியிருப்பின் கெல்லரில், அதாவது நிலவறையில், ஜப்பானியக் கத்திகளுக்கு மரப்பிடியும் உறையும் செய்கிறேன். ஷெஃப் குப்பையில் போடச் சொன்ன ஒரு கத்தியின் வெடித்த பிடியை மாற்றிப் பார்த்ததில் தொற்றிய வியாதி. அந்தக் கத்திகளின் வால் மெலிந்து நீண்டிருக்கும். அதைச் சிவக்கக் காய்ச்சி, மரத்தில் துளைத்த ஓட்டைக்குள் இறக்கினால், மரம் கருகிக் கருகித் தன் அளவைத் தானே கண்டுபிடித்து வாலைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் மாடி அம்மையார் புகை மணத்துக்கு இறங்கிவந்து, இது உங்கள் சமயச் சடங்கா என்று மரியாதையாகக் கேட்பார். உறைக்கு இரண்டு பலகைகளைக் கத்தியின் வடிவத்துக்கு உள்ளே குடைந்து, சோற்றை மசித்த பசையால் ஒட்டுவேன். ஜப்பானில் பெரிய விற்பன்னர்களும் சோற்றுப்பசையால்தான் ஒட்டுவார்களாம். சின்ன வயதில் நான் பட்டம் ஒட்டிய அதே பசை. வாங்க வருகிறவர்கள் மரத்தைத் தடவி, உங்கள் நாட்டு மரமா என்பார்கள். இங்கே பக்கத்து ஊரான பாடனில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் வெட்டிய பேரிக்காய் மரம் என்று சொன்னதும் முகம் வாடிவிடும்.

யூட் அண்ணை மன்னார்க்காரர். எங்கள் சமையலறையில் காய்கறியும் மீனும் வெட்டியவர் அவர்தான். போன மாரியில், இறைச்சி சீவும் மெஷின் அவருடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்களையும் எடுத்துக்கொண்டது. காயம் ஆறியதும் ஷெஃப் அவரைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வந்து என் முன்னால் வெட்டிக் காட்டு, முன்போல வெட்டினால் உன் இடம் உனக்கு என்றார். ஐம்பத்தெட்டு வயதில், மூன்று விரலோடு, வேறு எந்தச் சமையலறையும் கதவைத் திறக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கெல்லருக்கு வந்த அவர் கையில் ரொட்டி மாவு உருண்டையை வைத்தேன்.

"இறுக்கிப் பிடியுங்கோ அண்ணை."

"ரொட்டி சுடப் போறியோ?"

"உங்கடை கையை அளவெடுக்கிறன்."

"இல்லாத விரலுக்கும் சேர்த்து எடு. திரும்பி வந்தாலும் வரும்."

ஜப்பானியப் பிடி வழக்கமாக எட்டுப் பட்டையாக, நேராக இருக்கும். நான் செதுக்கியதற்கு அடிப்பக்கத்தில் ஒரு தொப்பை. போன விரல்களின் இடத்தை அந்தத் தொப்பை நிரப்ப வேண்டும். முதல் இரண்டும் பிள்ளைத்தாய்ச்சிக் கத்தரிக்காய் போல வந்தன. மூன்றாவதை ஒரு ஜப்பானியக் கத்தியில் இறக்கி, அதற்கு உறையும் செய்து மேசையில் வைத்தேன். யூட் அண்ணை எடுத்துப் பிடித்துப் பார்த்தார். காற்றில் வெட்டிப் பார்த்தார். "டேய், விரல் கிடக்கிற மாதிரி இருக்கு" என்றார். பிறகு அவர் என்னைக் கேலி செய்யவில்லை. அது எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை வெங்காயத்தில் தொடங்கி, லீக்ஸ், கரட், கடைசியில் ஒரு முழு மீன். நான் என் ஒபிசில் தண்ணீரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீனின் முள்ளில் சதை ஒட்டவில்லை. ஷெஃப் கையை நீட்டினார். கத்தியைப் பார்க்க வேண்டுமாம். யூட் அண்ணை அதைத் துடைத்து, பிடியை ஷெஃப் பக்கம் திருப்பி, பலகையில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நின்றார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஷெஃப் கத்தியைப் பார்த்தார், பிறகு அந்தக் கையைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியது.

"ஒரு சமையற்காரன் தானாகவே கத்தியைக் கீழே வைப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்" என்றார், எங்களுக்கு விளங்க வேண்டுமென்று நல்ல ஜெர்மனில், மெதுவாக. "இவ்வளவு அழகாக யாரும் விடைபெற்று நான் பார்த்ததில்லை."

நான் ஈர ஏப்ரனோடு ஓடினேன். இல்லை ஷெஃப், இது எங்கள் வழக்கம், வேண்டியவர்களுக்குக் கத்தியைக் கையில் கொடுக்க மாட்டோம், உறவு அறுந்துபோகும் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் கொட்டினேன்.

"என்ன அழகான வழக்கம்" என்று சொல்லிவிட்டு அவர் காற்சட்டைப் பையைத் துழாவினார். அவர்களிடமும் ஒன்று உண்டாம். கத்தியைப் பரிசாகப் பெறுகிறவர் ஒரு நாணயமாவது கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நட்பு அறுந்துவிடும். ஐந்து பிராங் நாணயம் ஒன்றை யூட் அண்ணையின் உள்ளங்கையில் வைத்தார்.

"நைன், ஷெஃப், நைன்" என்றார் யூட் அண்ணை, ஜெர்மனில் வேண்டாம் என்று.

"மறுக்காதே. வாங்கிக்கொள்ள வேண்டும்" என்று ஷெஃப் மூன்று விரல்களையும் மடித்து மூடிவிட்டார். பிறகு கட்டிப்பிடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நெடுநேரம் தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு, எனக்கு இந்த வேலை வேண்டும் என்று யூட் அண்ணை சொல்ல எந்த மொழியிலும் வசனம் இல்லை.

அடுத்த நாள் நான் ஷெஃப்பிடம் தனியாகப் போய் மறுபடி விளங்கப்படுத்தினேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். "புதிய ஆளை நான் போன மாதமே எடுத்துவிட்டேன்" என்றார். "எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். யூட் நல்ல மனிதன். அவனே அதை எனக்குச் சுலபமாக்கிவிட்டான்."

புதிய ஆள் அந்தக் கத்தியை ஒருமுறை பிடித்துப் பார்த்தான். ஐந்து விரலுக்கு அந்தப் பிடி சரிவரவில்லை. இப்போது அது விருந்தினர் மண்டபச் சுவரில், விளக்குக்குக் கீழே தொங்குகிறது. சாப்பிட வருகிறவர்கள் தொப்பையைப் பார்த்து ஜப்பானியர்களின் கற்பனையை வியக்கிறார்கள். என் வாழ்நாளில் நான் செய்த சிறந்த பிடிக்குக் கிடைத்த வேலை அது.

உறை அன்றைக்கு யூட் அண்ணையின் பைக்குள் இருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை. சில கிழமைக்குப் பிறகு அதைக் கொண்டுவந்து என் கெல்லர் மேசையில் வைத்தார்.

"நான் கத்தியைத் திருப்பிக் கேக்கட்டோ அண்ணை?"

"கேட்டா கையிலைதான் தருவான். அப்பிடி எனக்கு வாங்க ஏலாது."

சட்டைப் பையிலிருந்து அந்த நாணயத்தை எடுத்து உறையின் வாய்க்குள் போட்டார். கத்தியின் தடிப்புக்குக் குடைந்த இடம். நாணயம் அளவெடுத்ததுபோல் வழுக்கிக்கொண்டு நுனிவரை போய் நின்றது.

"செலவழிக்கவும் மனம் வரேல்லை. எறியவும் மனம் வரேல்லை. உன்னோடையே கிடக்கட்டும்."

அந்த உறைக்குள் வேறு கத்தி எதுவும் போகாது. தினமும் காலையில் சூக்குக்கு வேலைக்குப் போகிறேன், சுவரில் கத்தி இருக்கிறது. வேலை முடிந்து ஓர்லிகோனுக்கு வந்து கெல்லருக்கு இறங்குகிறேன், மேசையில் உறை இருக்கிறது. தூசி தட்ட எடுத்தால் உள்ளே நாணயம் நுனிக்கும் வாய்க்குமாக ஓடும் சத்தம் கேட்கும்.