எண்ணெயை மாற்றிய மூன்று மாதம்

பெங்களூரில் ஒரு விளையாட்டு விடுதியில் பத்தொன்பது வருஷம் மசாஜ் வேலை பார்த்தேன். என் கையில் படாத கால் இல்லை என்று பீற்றிக்கொள்வேன். ஆனால் இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒரே ஒருத்தியைப் பற்றித்தான்.

மேகலா எண்ணூறு மீட்டர் ஓடுபவள், ஆனேக்கல் பெண். காலை டிரெய்னிங் முடிந்ததும் நேராக என் ரூமுக்கு வந்து டேபிளில் குப்புற விழுவாள். "ஸ்டெல்லாக்கா, இந்தக் காலக் கழட்டி வச்சுட்டு வேற கால் குடு" என்பாள். இடது கெண்டைக்கால் எப்போதும் முறுக்கிக்கொண்டே கிடக்கும். அழுத்தினால் அலறுவாள். "கத்தாதடி, நான் உன்னக் கொல்றேன்னு வார்டன் ஓடி வரப் போறாங்க" என்பேன். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. எட்டரை மணிக்கு அவள் செருப்புச் சத்தம் கேட்டால்தான் எனக்கு அன்றைய பொழுதே ஆரம்பிக்கும்.

ஒரு சீசனில் அந்தக் கெண்டைக்கால் இளகிவிட்டது. டபுள் செஷன் ஓடிய மறுநாளும் வலி இல்லை என்றாள். தோளிலும் முதுகிலும் பருக்கள். குரலும் கரகரத்தது. கை வைத்த அன்றே, ஏதோ மருந்து போட்டுக்கொள்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம் தட்டியது.

"என்னடி இது, முதுகெல்லாம்?"

"உன் எண்ணெய் ஒத்துக்கல போலருக்குக்கா. மாத்திப் பாரு."

மாற்றினேன். நல்லெண்ணெயை விட்டுத் தேங்காய் எண்ணெய், அப்புறம் ஆலிவ் எண்ணெய், கடைசியில் எண்ணெயே வேண்டாமென்று பவுடர். மூன்று மாதம் பழியையெல்லாம் எண்ணெய் மேல் போட்டுக்கொண்டிருந்தேன். அவளோ ஓடின ஓட்டமெல்லாம் ஜெயித்தாள். நேராகக் கேட்டால் கோபித்துக்கொண்டு என்னிடம் வராமல் போய்விடுவாளோ என்ற பயம்தான் எனக்கு.

அப்புறம் ஊக்கமருந்து டெஸ்டில் மாட்டினாள். ஸ்டீராய்டு. விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் விவேக் நகரில் என் வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, கால் வலிக்கு நீதான் ஏதோ மாத்திரை குடுத்தேன்னு சொல்லிடு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஆயிடும். தடை குறையும்க்கா."

"நான் குடுக்கலையேடி. நெஜத்தச் சொல்லு, நீயாத்தான போட்டுக்கிட்ட?"

தலையைக் குனிந்துகொண்டாள். "ஊசி. நாலு வருஷம் தடைன்னா அதுக்கப்புறம் எனக்கு ஏதுக்கா ஓட்டம்?"

"முடியாது மேகலா. உன் பின்னாடி ரெண்டாவதா வந்தாளே, அவ காலையும் இந்தக் கைதான் பிடிச்சு விட்டுச்சு. அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

கையை விட்டுவிட்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"மூணு மாசமா என் முதுகத் தடவுனியே, உனக்கா தெரியாது? அன்னிக்கே ஒரு அறை விட்டுக் கேட்டிருந்தா நிறுத்தியிருப்பேன்க்கா."

நிறுத்தியிருப்பாளா, தெரியாது.

மாத்திரை கொடுத்தாயா என்று விசாரணையில் கேட்டார்கள். இல்லை என்றேன். அவளுக்கு நாலு வருஷம் தடை. என்னை நேர்மையானவள் என்று பாராட்டினார்கள், எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எண்ணெய் மாற்றிய கதையை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

தடை முடிந்து நாளாகிறது. அவள் ஓட வரவில்லை. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம். நான் இப்போது ஒரு கிளினிக்கில், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கழுத்துப் பிடித்துக்கொண்டவர்களுக்கு நீவி விடுகிறேன். எட்டரை மணிக்கு இன்னமும் கண் வாசலுக்குத்தான் போகிறது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, கைக்குச் சந்தேகம் வந்தால் எண்ணெயை மாற்றாதீர்கள். அன்றைக்கே வாயைத் திறந்து கேளுங்கள். கோபித்துக்கொண்டு போய்விடுவாளே என்று நான் கேட்காமல் இருந்தேன். அப்படியும் அவள் போய்விட்டாள்.

மேகலா, இதைப் படித்தால் ஒருநாள் வாடி. கால் வலிக்காவிட்டாலும் வா.