வேட்டைநாய்க்கு வடை

அப்பா வேலை செய்த இத்தாலிய முதலாளியை நாங்கள் சிஞ்ஞோரே என்போம். அவரிடம் மூன்று சாதி வேட்டைநாய்கள் இருந்தன. தொங்கிய காதுள்ளது மோப்பம் பிடித்து நரி போன வழியைக் காட்டும். விறைத்த காதும் ஒட்டிய வயிறுமாக இருப்பது துரத்தி ஓடும். மூன்றாவது என் முழங்கால் உயரம்கூட இல்லாத குட்டையன். நரி பொந்துக்குள் புகுந்தால் பின்னாலேயே புகுந்து அதை வெளியே கலைப்பது அவன் வேலை. பலெர்மோவுக்கு மேலே மலையில் சிஞ்ஞோரேக்கு ஆட்டுப்பட்டி இருந்தது. ஆடுகள் குட்டி போட்டால் நரியும் வந்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு எட்டு வயது. அந்தப் பண்ணைவீட்டின் பின்னறையில் நாங்கள் மூவரும் இருந்தோம். அப்பாவுக்கு நாய்களும் தோட்டமும், அம்மாவுக்குக் குசினியில் சமையல். அப்பாவின் பெர்மெசோ முடியப் போகிற நேரம். இத்தாலியில் இருக்க விடும் அந்தப் பத்திரத்தைப் புதுப்பிக்க, இவர் என்னிடம்தான் வேலை செய்கிறார் என்று சிஞ்ஞோரே கையெழுத்து வைக்க வேண்டும். பார்ப்போம், பார்ப்போம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் மூச்சு விட்டோம்.

வேட்டைக்கு முதல் நாள் மத்தியானத்திலிருந்து நாய்களுக்குச் சாப்பாடு கிடையாது. வயிறு காய்ந்தால்தான் ஓடும் என்பது சிஞ்ஞோரேயின் சட்டம். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"வைரவற்ர வாகனத்தைப் பட்டினி போட்டிட்டு ஆராவது வெளிக்கிடுவினமோ?"

"இஞ்சேரும், இது சிஞ்ஞோரேன்ர நாய்," என்றார் அப்பா.

"எல்லா நாயும் வைரவற்ரதான்."

வடைமாலை சாத்த அங்கே வைரவர் கோயில் இல்லை. அந்த ஞாயிறு விடியவே அம்மா வடை சுட்டார். பலெர்மோவில் வியா மக்வேதா தெருவுக்குப் பக்கத்துச் சந்தில், மொரீசியஸ்காரர் கடையில் வாங்கிய உளுந்து. அப்பா முகம் கழுவப் போன நேரம் பார்த்து நாய்களுக்குப் போட்டார். பெரியவை இரண்டும் மணந்து பார்த்துவிட்டு ஆளுக்கொன்று தின்றன. மிச்சச் சட்டியைக் குட்டையன் முடித்தான்.

"அப்பாட்டைச் சொல்லிப்போடாதை, என்ன," என்று எனக்கும் ஒன்று தந்தார்.

அன்றைக்குச் சிஞ்ஞோரேயோடு வேட்டைக்குப் போகையில் அப்பா என்னையும் கூட்டிப் போனார். தொங்குகாது வழி பிடித்தது. விறைத்தகாது துரத்தியது. நரி பாறைக்கடியில் ஒரு பொந்துக்குள் பாய்ந்தது. குட்டையனை விட்டார்கள். உள்ளே குரைப்புக் கேட்டது. பிறகு முனகல். பிறகு ஒன்றுமில்லை. நரி பாறைக்குப் பின்னால் வேறொரு துவாரத்தால் வெளியே வந்து, அவசரப்படாமல் நடந்தே போய்விட்டது.

மண்வெட்டியால் பொந்தின் வாயை அகட்டினார்கள். ஓரளவுக்கு மேல் கல் விடவில்லை. சிஞ்ஞோரே தன் வயிற்றைப் பார்த்தார். கூட வந்த சிநேகிதர் தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா சட்டையைக் கழற்றினார். ஊரில் குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்து கிடந்து, இனி மண்ணுக்குள் இறங்கமாட்டேன் என்று வெளிக்கிட்டு வந்தவர் அவர். தலை போனது, தோள் போனது, இடுப்பும் போனது. காலில் சிஞ்ஞோரே கொடுத்த பழைய சப்பாத்துகள் இரண்டும்தான் வெளியே தெரிந்தன. மேலேயிருந்து மண் பொலபொலவென்று சரிந்தது. சப்பாத்துகள் அசைவதை நிறுத்தின.

அப்பா என்று கத்தினேன்.

ஒரு சப்பாத்து உதறியது. இரண்டு பேரும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். அப்பாவின் முகமெல்லாம் மண். ஒரு கையில் குட்டையன், மறு கையில் அவன் கடித்த ரத்தம். சிஞ்ஞோரே நாயை வாங்கித் தடவினார். அது ஒருமுறை குலுங்கி அவர் காலடியில் சத்தி எடுத்தது. வடை. முழுதாக விழுங்கிய துண்டுகள், கறிவேப்பிலைகூட அப்படியே.

வயிறு புடைத்துத்தான் நாய் உள்ளே இறுகியது என்று அவருக்கு விளங்கிவிட்டது. யார் கொடுத்தது என்று கேட்டார். அப்பா வடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பதில் என் முகத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

"இயோ," என்றார் அப்பா. நான்தான் என்று அர்த்தம்.

அறை விழுந்தது. கன்னத்து மண்ணில் ஐந்து விரலும் பதிந்தன. என் அப்பாவை ஒருவர் அடிக்க முடியும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. பொய் சொன்னால் என்னை அடிப்பவர் அவர். அவரே பொய் சொல்லி, அதற்கு அடியும் வாங்கி, "ஸ்கூசி, சிஞ்ஞோரே" என்று மன்னிப்பும் கேட்டார்.

திரும்பி வரும்போது என்னிடம், "தம்பி, அம்மாட்டை இதைக் கதைக்கப்படாது," என்றார்.

பின்னேரம் சிஞ்ஞோரே அப்பாவைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமலே கையெழுத்து வைத்துக் கொடுத்தார். நாயைக் காப்பாற்றியதற்கா, அறைந்ததற்கா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா அப்பாவின் கடிபட்ட கையில் மஞ்சள் வைத்துக் கட்டினார்.

"கன்னம் என்ன வீங்கிக் கிடக்கு?"

"பொந்துக்குள்ளை மண் சரிஞ்சு கல் இடிச்சது."

"பாத்தியளே? நான் விடியவே மூண்டுக்கும் வடை குடுத்தனான். அதாலைதான் வைரவர் உங்களை உயிரோடை அனுப்பினவர். கையெழுத்தும் கிடைச்சிட்டுது."

"ஓம்," என்றார் அப்பா.

"அடுத்தமுறையும் சுடட்டோ?"

"சுடும். ஆனா எனக்குத் தாரும்."

அம்மா சிரித்தார். வீங்கிய கன்னத்தோடு அப்பாவும் சிரித்தார். யார் முதலில் அழப் போகிறார்கள் என்று நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.