பத்து நிமிடத்தில் அடங்காத சொந்தக்காரர்கள்

என் தம்பி அமலனைப் பாராட்டி நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு புரளாது. திட்டச் சொன்னால் ஒரு நாள் பத்தாது. முதலில் பாராட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். திண்டுக்கல் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, சர்ச்சில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை என்று எதுவானாலும் பாதி வீடுகளுக்கு அவன்தான் வீடியோ. மண்டபத்தில் ஆயிரம் பேர் இருந்தாலும் எந்தப் பெரியப்பா எந்தச் சித்தப்பாவோடு பேசுவதில்லை என்பதை வாசலில் நின்று பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். ஒருவர் முகத்தையும் விடாமல் எடுத்து முடிப்பான். அது லேசுப்பட்ட வேலை இல்லை.

ஆனால் அவனை வீடியோக்காரர் என்று சொல்லிவிட்டால் முகம் சுருங்கிப் போகும். அவன் நினைப்பில் அவன் சினிமா பள்ளி மாணவன். விஸ்காம் பட்டம் வாங்கிவிட்டான். அடுத்து திரைப்பட இயக்கத்தில் முதுநிலை படிக்கப் போகிறான். சேருகிறவரை சும்மா இருக்க வேண்டாமே என்று கல்யாணம் எடுக்கிறான், அவ்வளவுதான். இப்படி ஆறு வருஷமாகச் சேரப் போனான்.

ஆறு வருஷமும் என்ன செய்தான் என்றால், பள்ளிகளை ஒப்பிட்டான். புனேயில் இருப்பதைக் கல்கத்தாவில் இருப்பதோடு ஒப்பிட்டான். இரண்டையும் சேர்த்துப் போலந்தில் இருக்கிற ஒன்றோடு ஒப்பிட்டான். அங்கே குளிர் தாங்காது என்று அமெரிக்கா போனான், கைபேசியில்தான். எங்கே ஃபிலிமில் எடுக்கப் பழக்குகிறார்கள், எங்கே முதல் வருஷம் கேமராவைத் தொடவே விடமாட்டார்கள், எங்கே மாணவன் எடுத்த படம் மாணவனுக்கே சொந்தம், எந்த விடுதியில் மீன் குழம்பு உண்டு, எல்லாம் அவனுக்கு விரல் நுனியில். பெண் வீட்டில் பஜ்ஜியைத் தின்றுவிட்டு 'ஊருக்குப் போயி போன் பண்றோம்' என்று எழுந்து வருகிற மாப்பிள்ளை வீட்டாரைப் போல, ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு குறையைக் கண்டுபிடித்து எழுந்து வந்தான். ஒரு பள்ளியை, அதன் இணையதளத்தில் எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கிறது என்பதற்காகவே கழித்துக்கட்டினான்.

இதில் கொடுமை என்னவென்றால், ஊரில் இதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. சினிமா படிக்க ஆசைப்பட்ட பிள்ளைகளைப் பெற்றோர்களே அவனிடம் கூட்டிவந்தார்கள். தான் வாசலைக்கூட மிதிக்காத இடங்களுக்கு வழி சொல்லி அனுப்பினான். அப்படிப் போன ஒரு பெண் படித்து முடித்து, வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் வைத்துவிட்டாள். அந்தக் கல்யாணத்துக்கு வீடியோ இவன்தான்.

போன வருஷம் எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. நான் ஐரின், அவனுக்கு அக்கா, மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைத் தட்டோடு பிடித்து நிறுத்தினேன்.

"ஏலே, ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்கு அப்ளிகேஷன் போடு. இல்லைன்னா இனிமே இந்த வீட்டுல போலந்துங்கிற பேச்சே வரக் கூடாது."

"போடத்தான்க்கா போறேன். செத்த நேரம் பொறு."

"ஆறு வருஷமாடா செத்த நேரம்?"

அன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து, சென்னையில் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்க வைத்தேன். இரண்டு வருஷப் படிப்பு. விண்ணப்பத்தோடு, தானே இயக்கிய ஒரு படம் அனுப்ப வேண்டும். பத்து நிமிடத்தைத் தாண்டினால் பார்க்கமாட்டார்கள். அதைப் பார்த்துத் தேறினால் நேர்காணல். அமலன் அப்போதுதான் முதல்முறையாகக் கைபேசியைக் கீழே வைத்தான். ஒப்பிடுவதற்கு இனி எதுவும் இல்லை அல்லவா.

படத்தின் கதை சின்னது. ஆயக்குடியிலிருந்து ஒருவர் கூடை நிறையக் கொய்யாவோடு திண்டுக்கல் வருகிறார். நாள் முழுக்கத் தெருத் தெருவாக அலைகிறார். ஒன்றும் விற்கவில்லை. கடைசியில் அவரே ஒரு பழத்தை எடுத்துத் தின்கிறார். நடித்தவர் நிஜமாகவே பேருந்து நிலையத்தில் கொய்யா விற்கும் பேச்சிமுத்து. மற்றபடி எல்லாம் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும்தான். அல்போன்சா அத்தை வீட்டு வாசலில் ஒரு காட்சி. இஞ்ஞாசி மாமா தன் ஃப்ளெக்ஸ் கடை வண்டியைக் கொடுத்தார். தோல் வியாபாரம் செய்யும் அப்துல் லத்தீப் பாய் தன் கிடங்கு முன்னால் எடுக்கவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான எங்கள் அப்பா பவுல்ராஜ், சத்தம் வரக் கூடாது என்று வீட்டுத் தண்ணீர் மோட்டாரை அணைத்து வைத்தார்.

கொய்யா விலை கேட்கிற காட்சிக்கு அல்போன்சா அத்தை பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்தார். கேமராவைக் கண்டதும் கல்யாண மேடையில் நிற்பதுபோல் விறைத்துச் சிரித்தார். "இப்பிடிப் பாக்கவா, அப்பிடிப் பாக்கவா?" என்று கொய்யாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். பாதி நாள் போராடிவிட்டு, அத்தையின் கையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தான் தம்பி.

படத்தைக் கோத்து முடித்ததும் முதலில் எனக்குத்தான் போட்டுக் காட்டினான். குறை சொல்லத் தயாராகத்தான் உட்கார்ந்தேன். கடைசிக் காட்சியில் பேச்சிமுத்து கிடங்குச் சுவர் ஓரம் குந்தி உட்கார்ந்து கூடையைக் கிளறுகிறார். நல்ல பழத்தை எடுக்கிறார். அதை விற்க வேண்டிய பழம் என்று திரும்ப வைக்கிறார். அடிபட்ட பழமாக ஒன்றை எடுத்து, வேட்டியில் துடைத்துவிட்டுக் கடிக்கிறார். பசி தெரிகிறது. கூடவே, யாரோ பார்த்துவிடுவார்களோ என்கிற கூச்சமும் தெரிகிறது. இத்தனை வருஷம் இவனை வாய்ச்சொல் வீரன் என்று நினைத்திருந்தேன். இவனுக்குள் சரக்கு இருக்கிறது என்று அன்றைக்கு நம்பினேன்.

"இன்னைக்கே அனுப்பிடுடா" என்றேன்.

"ப்ரிவ்யூ போடாமயா?"

இங்கேதான் தொழில் புத்தி உள்ளே வந்தது. கல்யாண வீடியோவை முடித்துக் கொடுக்கும் முன், வீட்டார் எல்லோரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்ட வேண்டும். அவர்கள் சொல்கிற கரெக்‌ஷனை எல்லாம் செய்து கொடுத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. சினிமா பள்ளிக்கு அனுப்பும் படத்துக்கும் ப்ரிவ்யூ போட்டவன் உலகத்தில் என் தம்பி ஒருத்தனாகத்தான் இருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் எங்கள் ஹாலில் எல்லோரும் கூடினார்கள். முறுக்கும் காப்பியும் ஓடின. படமும் ஓடியது. முடிந்ததும் ஆளாளுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நான் எங்கடா?" என்றார் அல்போன்சா அத்தை.

"கொய்யாவ எடுக்குதே, அது உங்க கைதான் அத்தை."

"கைய வச்சு யாருக்குடா அடையாளம் தெரியும்? அம்புட்டு நேரம் வெயில்ல நின்னேன்."

"கடைசியா அந்தாளு திங்குறது எதுக்கு? அதான் பாத்தாச்சுல்ல. அந்த எடத்துல கடை போர்டக் காட்டு" என்றார் இஞ்ஞாசி மாமா.

லத்தீப் பாய், "எம்பேரெல்லாம் எதுக்குப்பா, அல்லா போதும்" என்றார். அப்படியென்றால் கட்டாயம் போட வேண்டும் என்று அர்த்தம். அப்பா படுக்கப் போகும்போது, "நன்றின்னு போடுவீகள்ல, அதுல பட்டத்தையும் சேத்துப் போட்டுரு. எம்.ஏ., எம்.எட்." என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கரெக்‌ஷன் ஆரம்பமானது. அத்தை சிரிப்பது வந்தது. கடை போர்டு வந்தது. எங்கள் சர்ச் பங்குத்தந்தையில் தொடங்கி, ஒவ்வொருவருக்கும் பெயரும் பட்டமும் பூப்போட்ட பார்டரோடு வந்தன. பத்து நிமிடத்தைத் தாண்டியது. சொந்தத்தில் யாரையும் வெட்ட முடியாது. ஆகவே பேச்சிமுத்துவை வெட்டினான். அவர் கொய்யா தின்கிற காட்சி முழுசாகப் போய்விட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அறைந்திருப்பேன். "உனக்கு யாருடா கஸ்டமர்? அந்தப் பள்ளிக்கூடமா, அத்தையா?"

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "சீட்டுக் கெடைக்கலைன்னா இவுக வீட்டு விசேஷத்துக்குத்தானக்கா நான் போயி நிக்கணும்?"

சேருவதற்கு ஆறு வருஷம் தயாரானவன், சேராமல் போவதற்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தயாராகிவிட்டான்.

படத்தை அப்படியே அனுப்பினான். ஆச்சரியம், நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. வந்த செய்தி எங்களுக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்தது. இஞ்ஞாசி மாமா, 'வருங்கால இயக்குநரே வருக' என்று ஃப்ளெக்ஸ் அடித்து ரயில் நிலையத்துக்கு வெளியே கட்டினார். அதில் அமலன் படம் ஒன்று, மாமா படம் இரண்டு. நேர்காணல் முடிந்து அவன் சென்னையிலிருந்து திரும்பி வருகிற அன்று சாயங்காலம் அப்பா, அத்தை, மாமா எல்லோரும் சால்வையோடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள்.

எனக்குப் போன் வந்தது. "அக்கா, நான் கொடைரோடுல நிக்கிறேன். வந்து கூட்டிட்டுப் போறியா?"

சென்னை ரயிலில் திண்டுக்கல்லுக்கு அடுத்த நிறுத்தம் அது. தன் ஊர் வந்தபோது ஜன்னலை இறக்கிவிட்டு, குனிந்து உட்கார்ந்து, சால்வைகளைத் தாண்டிப் போயிருக்கிறான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் இருந்தான். நான் கேட்காமலே சொன்னான்.

நாலு பேர் உட்கார்ந்திருந்தார்களாம். நடுவில் இருந்த பெண்மணிதான் பேசியிருக்கிறார். "முதல் பாதி ரொம்ப நல்லா இருக்கு. அதுக்காகத்தான் கூப்பிட்டோம். அப்புறம் என்ன ஆச்சு?" என்றாராம். பிறகு திரையில் படத்தை நிறுத்தி, ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்து, இவர் படத்தில் என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறார். எம்.ஏ., எம்.எட். மோட்டாரை அணைத்தார் என்றதும் நாலு பேரும் சிரித்திருக்கிறார்கள்.

"அப்புறம் கேட்டாங்கக்கா, கடைசியில அந்த மனுஷன் கொய்யாவ என்ன பண்ணாருன்னு. ஒண்ண எடுத்துத் திங்கிறாருன்னேன். எங்கன்னாங்க. வெட்டிட்டேன்னு சொன்னேன். ஏன்னாங்க. அந்த எடத்துல அத்தை வாராங்கன்னேன்."

"சிரிச்சாங்களா?"

"அதுக்குச் சிரிக்கல. அந்த ஷாட்டு தனியா இருக்கா, இருந்தா இப்பக் காட்டுங்கன்னாங்க."

"காட்டுனியா?"

அமலன் டீ கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தான். "கார்டுல, கம்ப்யூட்டர்ல எங்கயும் எடம் பத்தலக்கா. படத்த அனுப்புன மறுநாளே ஒரு சடங்கு வீடு. எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் போனேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்ட கேள்விக்கு அந்த ஒரு காட்சியைக் காட்டியிருந்தால் அவனைச் சேர்த்திருப்பார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அது இப்போது எங்கேயும் இல்லை. எங்கள் ஹாலில் முறுக்குத் தின்றுகொண்டு அதைப் பார்த்த அத்தனை பேரும் அதில் தங்கள் முகத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ரிசல்ட்டு மெயில்ல வருமாம். நான் எதிர்பாக்கல" என்று எழுந்து வண்டியில் ஏறிக்கொண்டான். அவனை இத்தனை நாள் கேலி செய்த வாயால் ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்கள். அப்பா எழுந்து வந்தார். "எங்கடா எறங்குன? ஸ்டேஷன்ல அம்புட்டு பேரும் நிக்கிறோம்."

"தூங்கிட்டேன்ப்பா."

"அத விடு. பேரெல்லாம் தெரிஞ்சுச்சா? படிச்சாங்களா?"

அமலன் என்னை ஒருமுறை பார்த்தான். "படிச்சாங்கப்பா. ஒவ்வொரு பேரா, வாய்விட்டுப் படிச்சாங்க."

"எம் பேரையுமா?"

"பட்டத்தோட."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னையப் பத்தி எதுவும் கேட்டாங்களாடா?" என்றார் அத்தை.

"உங்களப் பத்தித்தான் அத்தை ரொம்ப நேரம் பேசுனோம்."

மாமா பிளாஸ்டிக் உறையைப் பிரித்து அவனுக்குச் சால்வை போர்த்தினார். சீட்டுக் கிடைத்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமா தன் கைபேசியை என்னிடம் நீட்டி ஒரு படம் எடுக்கச் சொன்னார். எல்லோரும் வரிசையாக நின்று, விறைப்பாக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நடுவில் நின்ற என் தம்பி கைபேசியைப் பார்த்தான், பிறகு பக்கத்தில் திரும்பினான்.

"அத்தை, கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க" என்றான். "உங்க மூஞ்சி மறையுது."