அப்பாவின் இன்னொரு நாய்

எங்கள் வீட்டு நாய்க்கு டைகர் என்று பெயர் வைத்தவர் என் மாமா. பல்லியைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிகிற நாய்க்கு அப்படியொரு பெயர்! கறுப்பு நிறம், பாதி வால். அந்தப் பாதி வாலை வைத்துக்கொண்டே அது வீட்டைத் துவம்சம் செய்தது. முழு வால் இருந்திருந்தால் எங்கள் கண்ணாடி டம்ளர் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

அப்போது நாங்கள் கோலசிலாங்கூருக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை வெட்டிக் கட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் வரிசை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு ரவாங்கில் ஒரு பெக்டரியில் வேலை. லைன் லீடர். நீலச் சட்டை, பையில் பெயர் அட்டை. தாத்தா தோட்டத்தில் மூட்டை தூக்கியவர், தாத்தாவின் அப்பாவும் அப்படியே. எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாக ஏர்கோன் குளிரில் நின்று வேலை பார்த்தவர் என் அப்பாதான். இதை வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லிவிடுவார். யாரும் கேட்க வேண்டும் என்பதில்லை.

அப்பா வேலைக்குக் கிளம்பினால் டைகருக்கு உயிர் போய்விடும். அவர் ஹெல்மெட்டை எடுத்ததுமே வாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவே ஓட ஆரம்பிக்கும். மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் அவருடைய பழைய ஜப்பான் செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு போய் அதன்மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொள்ளும். நானும் அம்மாவும் வீட்டில் இருப்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நாங்களும் கிளம்பிவிட்டாலோ, தொலைந்தது. ஊளைதான். பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா சுவரைத் தட்டுவார், பிறகு கேட்டைத் தட்டுவார், நாங்கள் திரும்பி வந்ததும் எங்களைத் தட்டாத குறையாகத் திட்டுவார். அதனால் எங்கே போனாலும் டைகரையும் தூக்கிக்கொண்டு போவது எங்கள் வழக்கமாகிவிட்டது.

அப்பா திரும்பி வரும்போது நடப்பது பெரிய சடங்கு. மோட்டார் சத்தம் எங்கள் காதுக்கு எட்டுவதற்கு முன்பே எழுந்து கேட்டில் நிற்கும். அவர் இறங்கியதும் இரண்டு கால்களில் நின்று முன்னங்கால்களை அவர் வயிற்றில் வைக்கும். பிறகு மூன்று சுற்று. பிறகு குழந்தை அழுவதைப்போல ஒரு முனகல். கடைசியில், சந்தோஷம் தாங்காமல் அவர் சப்பாத்தின்மேலேயே இரண்டு சொட்டு மூத்திரம். அம்மா தலையில் அடித்துக்கொண்டு துணியைத் தேடுவாள். நான் அவருக்கு ஒரே பிள்ளை. எனக்கே அவ்வளவு பாசமாக வரவேற்கத் தெரியாது.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அந்தச் சடங்கு கெட்டுப்போனது. மூன்று சுற்று வரை எல்லாம் சரியாக நடக்கும். அதற்குப் பிறகு டைகர் சட்டென்று நின்று அப்பாவின் கால்சட்டையை மோந்து பார்க்க ஆரம்பிக்கும். கணுக்காலில் தொடங்கி முழங்கால் வரை, விட்ட இடத்தைத் திரும்பப் பிடித்து, ஒரு இன்ஸ்பெக்டர் தோற்றார். பிறகு மெதுவாக உறுமிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்ளும். கூப்பிட்டாலும் வராது. ராத்திரிச் சாப்பாட்டைக்கூட அப்பா கையால் போட்டால் தொடாது. அப்பா சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துவைக்கப் போடுவதற்குமுன் அவருடைய கால்சட்டையை எடுத்து நானும் மோந்து பார்த்தேன். எனக்கு வியர்வை நாற்றம்தான் தெரிந்தது. ஆனால் மடிப்பில் ஒட்டியிருந்ததைக் கண் பார்த்துவிட்டது: குட்டை குட்டையாக வெள்ளை முடி. ஐந்தாறு இருக்கும். எங்கள் டைகரிடம் ஒரு வெள்ளை முடி கிடையாது.

நேரே அடுக்களைக்கு ஓடினேன். அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பாவுக்கு வேற ஒரு நாய் இருக்கு!”

முடியைக் காட்டினேன். அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடுப்பில் தோசை கருகும் வாடை வந்தது. அவள் திரும்பவில்லை. நான் வேறு, சும்மா இருக்காமல், டைகருக்கு அவர் எவ்வளவு பெரிய துரோகம் செய்கிறார் என்று பேசிக்கொண்டே போனேன். நாய் என்றால் அது கட்டிக்கிடக்க ஒரு வீடு வேண்டும், வீடு என்றால் அதில் யாராவது இருக்க வேண்டும் என்று அம்மாவின் நெஞ்சு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது எனக்கு எங்கே தெரியும்?

அடுத்த நாளிலிருந்து வீட்டில் இரண்டு டைகர்கள். அம்மாவும் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தாள். துவைக்கப் போட்ட துணியை எடுப்பாள், பார்ப்பாள், வைப்பாள். அப்பா குளிக்கப் போனதும் அவருடைய கைபேசியைக் கையில் எடுப்பாள், திறக்காமலே வைத்துவிடுவாள். “ஏங்க, இப்பல்லாம் ராத்திரி ஷிப்டே இல்லயா?” என்று ஒருநாள் கேட்டாள். காலை வேலைக்கு மாற்றிவிட்டார்கள், ஓவர்டைமையும் குறைத்துவிட்டார்கள் என்று அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

எரிகிற நெருப்பில் மண்ணெண்ணெய் ஊற்றியது மாமா. அம்மாவின் தம்பி, மீன் லோரி ஓட்டுபவர். தினமும் செகிஞ்சான் படகுத்துறையில் மீன் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போவார். ஒருநாள் கெம்போங் மீன் இரண்டைக் கொடுத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே நின்றார்.

“அக்கா, மச்சான் மோட்டாரு செகிஞ்சான்ல நிக்கிது லா. மூணு தடவ பாத்துட்டேன். ரவாங்குல வேலன்னா இவரு அங்க என்னா பண்றாரு?”

எங்கள் தாமானிலிருந்து ரவாங்கிற்கு ஒரு பக்கம் போக வேண்டும், செகிஞ்சானுக்கு வேறு பக்கம். அம்மா மீனைக் கழுவாமலே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். “நாளைக்கு என்னைய கூட்டிட்டுப் போ” என்று மட்டும் சொன்னாள்.

பள்ளி விடுமுறை. அதனால் நானும் போனேன். ஊளைக்குப் பயந்து டைகரும் வந்தது. லோரியின் முன்பக்கத்தில் மாமா, அம்மா, அம்மாவின் மடியில் டைகர், சன்னலோரம் நான். அம்மா தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டியிருந்தாள். சண்டை போடப் போகிறவள் எதற்கு நல்ல சேலை கட்டுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. தஞ்சோங் காராங் தாண்டும் வரை அம்மா தாலியைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டே வந்தாள். எனக்கோ ஒரே அவசரம். அந்த வெள்ளை நாயைப் பார்க்க வேண்டும், பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

இருபுறமும் வயல். மாமா லோரியை ஒரு மரத்தடியில் நிறுத்தி, எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். வீடு எதுவும் இல்லை. பெரிய தகரக் கொட்டகை, அரிசி ஆலை. சுவரோரம் அப்பாவின் மோட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் சங்கிலியில் ஒரு வெள்ளை நாய்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு ஆள் முதுகு வளைந்து மூட்டையோடு வந்து ஆலை வாசலில் நின்ற லோரியில் இறக்கினார். தலையில் துண்டு, உடம்பெல்லாம் தவிடு, கிழிந்த பனியன். அவர் நிமிர்ந்த பிறகுதான் அது அப்பா என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்த வெள்ளை நாய்க்கு முன்பே தெரிந்துவிட்டது. சங்கிலி அறுந்துவிடும்போல இழுத்து, இரண்டு காலில் நின்று, முன்னங்கால்களை அவர் வயிற்றில் வைத்தது. பிறகு மூன்று சுற்று. பிறகு அதே முனகல். அடிப் பாவி! எங்கள் டைகரின் சடங்கை அப்படியே வரிசை மாறாமல் செய்தது. அப்பா தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, அம்மா கட்டிக்கொடுத்த சோற்றில் பாதியை அதற்கு வைத்தார். எனக்கு வயிறு எரிந்தது.

டைகர் அவரைப் பார்த்துவிட்டது. அல்லது மோந்துவிட்டது. உடம்பெல்லாம் நடுங்க, அம்மாவின் மடியில் எழுந்து நின்று முனக ஆரம்பித்தது. நானும் கண்ணாடியை இறக்கி, “அப்...” என்று வாயைத் திறந்தேன்.

அம்மாவின் ஒரு கை டைகரின் வாயைப் பொத்தியது. இன்னொரு கை என் வாயைப் பொத்தியது. என் பல் அவள் விரலில் பதிந்தது. அவள் கையை எடுக்கவில்லை. டைகர் தீபாவளிச் சேலையைப் பிறாண்டிக் கிழித்தது. அதற்கும் எடுக்கவில்லை.

அப்போது உள்ளேயிருந்து ஒரு பையன், மாமாவைவிடச் சின்னவன், கையைத் தட்டி மலாயில் சீக்கிரம் வரச்சொல்லிக் கத்தினான். அப்பா பாதிச் சோற்றோடு டப்பாவை மூடிவிட்டு, துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு ஓடினார். என் அப்பா ஓடி நான் அதுவரை பார்த்ததே இல்லை.

“நான் போயி பேசட்டுமாக்கா?” என்றார் மாமா.

“வண்டிய எடு.”

“இல்லக்கா, என்னா ஏதுன்னு...”

“எடுன்னு சொல்றேன்ல! யாருகிட்டயாவது இத பத்தி மூச்சு விட்ட, தம்பின்னுகூட பாக்க மாட்டேன்.”

தஞ்சோங் காராங் வரும்போது அம்மா திடீரென்று சிரித்தாள். “நாயிதான்டா. நெசமாவே வெறும் நாயிதான்டா” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மாமா ரோட்டைப் பார்த்து ஓட்டினார். நான் மட்டும் கோபத்தில் உர்ரென்று உட்கார்ந்திருந்தேன். டைகரை ஏன் இறக்கிவிடவில்லை? இறக்கிவிட்டிருந்தால் அந்த வெள்ளை நாயை ஒரு கை பார்த்திருக்கும். அப்பாவும் எங்களைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

சாயங்காலம் அப்பா வந்தார். நீலச் சட்டை, பெயர் அட்டை, சீவிய தலை. டைகர் சுற்றியது, மோந்தது, கட்டிலுக்கு அடியில் போனது. அன்றைக்கு அம்மாவும் கேட்டுக்கு வந்து நின்றாள். அவருக்கு ஆச்சரியம். “என்னா இன்னிக்கு வெளிய நிக்கிற?” என்றார். “சும்மாதான்” என்று ஹெல்மெட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

அதோடு விட்டாளா? சாப்பிடும்போது, இன்றைக்கு லைனில் வேலை எப்படி என்று கேட்டாள். அப்பா ஒரு மிஷின் கெட்டுப்போன கதையைச் சொன்னார். யார் சரி செய்தது என்று கேட்டாள். அவர் அதற்கும் ஒரு கதை சொன்னார். அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, “நீங்க இல்லன்னா அவங்களுக்கு ஒன்னும் ஓடாது போல” என்றாள். எனக்கு நாக்கு துடித்தது. வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அம்மா என் தொடையைக் கிள்ளிய கிள்ளில் மூன்று நாளைக்குக் கன்றிப்போயிருந்தது.

இப்படியே ஐந்தாறு மாதங்கள். அவர் சொல்வார், இவள் கேட்பாள். இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நானும் டைகரும் தவித்தோம். பிறகு ஒருநாள், சாப்பாட்டின் நடுவில், தலையைத் தூக்காமலே அப்பா சொன்னார்.

“பெக்டரியில ஆளுங்கள நிப்பாட்டுனப்ப என்னையும் நிப்பாட்டிட்டாங்க. மாசக்கணக்காச்சு. நான் செகிஞ்சான்ல மூட்ட தூக்குறேன்.”

அம்மாவுக்கு அது புதுச் செய்தியா என்ன? ஆனால் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, “ஐயோ! என்னாங்க சொல்றீங்க? எப்பங்க?” என்று பதறினாள் பாருங்கள், அசல் பதற்றம் தோற்றுவிடும். வீட்டுப்பாடத்தில் ஒரு பொய் சொன்னதற்கு என் காதைத் திருகியவள்! அப்பா எழுந்து அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முதலாளி நல்ல தவுக்கே, நேரத்துக்குச் சம்பளம், ஒன்றும் கஷ்டமில்லை என்று அவளைத் தேற்ற ஆரம்பித்தார். அம்மா அவர் கையைத் திருப்பி, உள்ளங்கையை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள். பிறகு அந்தக் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அரைமணி நேரம் அழுதாள்.

செகிஞ்சான் ரோட்டிலிருந்து அவள் அடக்கி வைத்திருந்த அழுகை அது என்று எனக்கு எப்படித் தெரியும்? என் அம்மா எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன்.