எதிர் ஹாரன்

என் வீட்டுக்காரர் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறார். காலையில் எங்கள் ஊர் செம்மநத்தத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டுபோய் காப்பித் தோட்டத்தில் இறக்குவார். பழம் பறிக்கப் போகிறவர்களில் நானும் ஒருத்தி. முன்சீட்டு எனக்கு. மேகம் இறங்கிவிட்டால் எங்கள் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. வளைவுக்கு முன்னால் நிறுத்தி ஹாரன் அடிக்க வேண்டும். எதிர் ஹாரன் வந்தால் காத்திருக்க வேண்டும். வராவிட்டால்தான் போகலாம்.

போன வருஷம் மனிதர் சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சண்டை போட்டு சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை எழுதினார். கொஞ்ச நாள் வண்டியைத் தொடவிடவில்லை, பிறகு ஓட்டலாம் என்றார். மாத்திரையில் ஆள் எழுந்து உட்கார்ந்தார். பேச்சுதான் மெதுவாகிவிட்டது. அரிவாளைக் கேட்க வாயைத் திறந்து, "அந்த... வெட்டறது" என்பார். நான் சிரித்துத் தொலைப்பேன்.

அவர் அண்ணனுக்கு இது போதாதா? "அந்த மாத்திர மூளைய மழுக்கிரும்டா. இப்பிடியே போனா எம்பேரே உனக்கு நெனப்பிருக்காது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன்! ஆனாலும் பயம் என்னையும் தொற்றிக்கொண்டது. டாக்டரிடமே கேட்டேன்.

"சில பேருக்கு மந்தமா இருக்கும்மா, மருந்த மாத்திப் பார்க்கலாம். மறதி இந்த நோயாலயும் வரும். நீங்களா மட்டும் நிறுத்திராதீங்க."

மருந்தா நோயா என்று அவராலேயே அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

பழம் சிவக்கிற நேரத்தில் பேச்சு திரும்பியது. அரிவாள் அரிவாளானது. பின்னால் இருக்கும் பெண்களின் கேலிக்குச் சுடச்சுடப் பதில் வந்தது. அண்ணன் மீசையை முறுக்கினார். நான் மட்டும் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். மாத்திரை போட்டீங்களா என்றால், "ஆச்சு புள்ள" என்பார், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்று காலை வண்டியின் முன்பக்கமே தெரியாத மேகம். வளைவில் நிறுத்தி ஹாரன் அடித்தார். கீழிருந்து பஸ் ஹாரன் வந்தது. மறுபடியும், இன்னும் கிட்டத்தில். எங்கள் ஜீப் நகர்ந்தது.

பெண்கள் அலறினார்கள். நான் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். பஸ் எங்கள் பம்பரை உரசுவது போல வந்து நின்றது.

"ஏனுங்க, ஹாரன் காதுல விழலீங்களா?" என்று அவரைக் கேட்டேன்.

விழவில்லை என்று சொல்லிவிடமாட்டாரா என்று மனம் கெஞ்சியது. மருந்து மந்தமாக்கிவிட்டது என்றால் மருந்தை மாற்றிக்கொள்ளலாம்.

"மாத்திரைய நிறுத்திப்போட்டேன் புள்ள" என்றார், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "இப்ப எல்லாந் தெளிவாக் கேக்குது. இதுவும் நல்லாக் கேட்டுச்சு."

"அப்பறம் ஏனுங்க வண்டிய எடுத்தீங்க?"

"வந்தா வரட்டும்னு இருந்துச்சு."

நான் சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டேன்.