மாலை போட்ட ஃபயர்வால்

பூட்டு விற்கப் போகிறவனுக்கு டீயும் பிஸ்கட்டும் கிடைக்கும். விற்ற பூட்டில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லப் போகிறவனுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. நான் இரண்டுக்கும் போனவன். செல்போனில் பட்டன் இருந்த காலம் அது. ராயபுரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினீயர். அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கும் வெளியே இருக்கிற இன்டர்நெட்டுக்கும் நடுவில் வாட்ச்மேன் மாதிரி உட்கார்ந்து, யாரை விடலாம் யாரை விடக்கூடாது என்று பார்க்கிற ஃபயர்வால் என்னும் பெட்டியை விற்பதும் மாட்டுவதும் பராமரிப்பதும் எங்கள் தொழில். துறைமுகத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும் எங்கள் பெட்டிகள் இருந்தன.

லேப்டாப் பையை வயிற்றோடு கட்டிக்கொண்டு எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்கும் டேங்கர் லாரிக்கும் நடுவில் வண்டி ஓட்டியவர்கள், "நெட் வரல" என்ற ஒரு போனுக்காகப் பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்தவர்கள், இதைப் படிக்கிறவர்களில் நிச்சயம் இருப்பீர்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

ஓட்டைக்கு இன்னொரு பெயர்

ஒரு திங்கட்கிழமை காலை, பெட்டியைத் தயாரிக்கிற கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறதாம். அதற்கு உத்தரவு போடுகிற மேலாண்மை சாஃப்ட்வேரில்தான் கோளாறாம். அதன் லாகின் பக்கம் வரை ஒருவன் வந்துவிட்டால் போதும், பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே போய்விடலாம். போனவன் வாட்ச்மேனையே வேலையை விட்டு நிறுத்தலாம், புது வாட்ச்மேனாகத் தன் ஆளையே வைக்கலாம். திருத்திய சாஃப்ட்வேரையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். அதை ஏற்ற அரை மணி நேரம் நெட்டை நிறுத்த வேண்டும்.

எங்கள் முதலாளி, இந்தப் பெட்டி இருந்தால் கொசுகூட உள்ளே வராது என்று ஊர் பூராவும் சொல்லி விற்றவர். மெயிலை நான் தமிழில் விளக்கி முடித்ததும் முதலில், போட்டிக் கம்பெனிப் பெட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று விசாரித்தார். இல்லை என்றதும் முகம் சுருங்கிவிட்டது. டீ வரவழைத்துக் குடித்து முடிக்கும் வரை யோசித்துவிட்டுச் சொன்னார்:

"பாஸ்கரு, ஓட்டை கீதுன்னு எவன்கிட்டயும் வாயத் தொறக்காத. புது வசதி வந்துகீதுன்னு சொல்லு."

மணலியில் ஒரு மணி நேரம் சோதனை

முதலில் மணலியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. அங்கே பர்மிட் இல்லாமல் ஆணிகூட அடிக்க முடியாது. சாஃப்ட்வேர் ஏற்றுவதற்கும் பர்மிட் வேண்டும் என்றார் பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட்டையும் இரும்பு முனை வைத்த ஷூவையும் மாட்டிவிட்டு என்னை எதிரில் உட்காரவைத்துக் கேள்விகளை ஆரம்பித்தார். தீப்பொறி வருமா என்றார். வராது என்றேன். உயரத்தில் ஏறுகிற வேலையா என்றார். சர்வர் அறை முதல் மாடியில் இருக்கிறது, படிக்கட்டில்தான் ஏற வேண்டும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு வாயு கசிந்தால் கத்துகிற ஒரு கருவியை எடுத்து வந்து ஏ.சி. அறையின் நான்கு மூலையிலும், ஃபயர்வாலின் முதுகிலும், கடைசியில் என் லேப்டாப் பைக்குள்ளேயும் நீட்டிப் பார்த்தார். என் சாப்பாட்டு டப்பாவில் இருந்த கருவாட்டுக்கு அது கத்திவிடுமோ என்று நான் பயந்தது எனக்குத்தான் தெரியும். நல்லவேளை, கத்தவில்லை. மனிதர் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார்:

"வாயு எதுவும் இல்ல சார். இப்ப நீங்க தாராளமா ஓட்டைய அடைக்கலாம்."

பாஸ்வேர்டு தெரியாதவர்கள்

அடுத்தது ராயபுரத்திலேயே கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரின் அலுவலகம். மேனேஜர் சேவியர் அன்பான மனிதர். முதலாளி சொன்ன 'புது வசதி' வசனம் என் வாயில் நிற்கவில்லை. இந்த சாஃப்ட்வேரில் பாஸ்வேர்டு தெரியாதவன்கூட உள்ளே வந்துவிடலாம், ஆபத்து என்று உண்மையையே சொல்லிவிட்டேன்.

அவர் பதறவே இல்லை. அவருடைய முதலாளி மகளின் பெயர்தான் அங்கே பாஸ்வேர்டு. மானிட்டர் நெற்றியில் ஒட்டியிருந்தது. அது கிழிந்துபோனால் என்ன செய்வது என்று சுவரில் காலண்டருக்குப் பக்கத்திலும் எழுதியிருந்தது. டீ கொண்டுவந்தவர், சேவியர் சார் எழுத்துகளைத் தேடித் தேடி அடிப்பதைப் பார்த்துவிட்டு, கடைசி எழுத்து பெரிசு சார் என்று எடுத்துக் கொடுத்தார். சேவியர் அடித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"இந்த ஆபீஸ்ல பாஸ்வேர்டு தெரியாதவன் ஒருத்தன்கூட கெடயாது சார். அப்புறம் ஓட்டை இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா?"

வீட்டிலிருந்து ஒரு கண்

சிரித்துக்கொண்டே திருவொற்றியூர் போனேன். அங்கே சிரிப்பு நின்றது. அது ஒரு கன்டெய்னர் யார்டு. கேட் பாஸ், எடை மேடை, எந்தப் பெட்டி எந்த லாரிக்கு என்பது எல்லாமே கம்ப்யூட்டரில்தான். அத்தனையையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர் ஸ்டெல்லா. ராயபுரத்துக்காரர். கணவருக்குத் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை போய்விட்டதால் வீட்டுக்கு இவர் சம்பளம்தான். அதற்கு முந்தின வருஷம் வைரஸ் புகுந்து, லாரிகள் தேரடி வரைக்கும் வரிசையில் நின்றன. மேனேஜர் திறந்த மெயிலில் வந்த வைரஸ் அது. ஆனாலும் எச்சரிக்கை ஸ்டெல்லாவுக்குத்தான் வந்தது. இன்னொரு தடவை வெளியாள் எவனாவது உள்ளே வந்தால் வேலை போய்விடும் என்று நேரிலேயே சொல்லிவிட்டார்கள்.

இந்த மேனேஜருக்கு ஒரு பழக்கம். சாயங்காலம் வீட்டில் டிபன் சாப்பிட்டுக்கொண்டே ஃபயர்வால் பக்கத்தைத் திறந்து, யார்டில் யார் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறார்கள் என்று பார்ப்பார். கோபம் வந்தால் அவர்கள் நெட்டை நிறுத்துவார். கோபம் முற்றினால் பாஸ்வேர்டையே மாற்றிவிடுவார். அவர் வீட்டிலிருந்து அந்தப் பக்கத்தைத் தொட முடிகிறது என்றால் உலகத்தில் எவன் வேண்டுமானாலும் தொடலாம், வீட்டு வழியை உடனே மூடுங்கள் என்று நானும் ஸ்டெல்லாவும் போய்க் கெஞ்சினோம். அதற்காகத்தானே இதை வாங்கினேன் என்றார். அரை மணி நேரம் நெட்டை நிறுத்தவும் சம்மதிக்கவில்லை. கப்பல் வந்திருக்கிறது, லாரி நிற்கிறது. கடைசியில், யார்டு ஓடாத ஒரே நாள் ஆயுத பூஜை, அன்றைக்கு வந்து செய்துகொள்ளுங்கள் என்றார். அதற்கு இன்னும் நாள் கிடந்தது. வெளியே வந்ததும் ஸ்டெல்லா சொன்னார்:

"ஓட்டை வழியா எவனாச்சும் வந்தா அவனப் புடிக்க மாட்டாங்க அண்ணா. என்னத்தான் புடிப்பாங்க."

பூஜையில் வைத்தது

அதுவரை தினமும் காலையில் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து, ஒன்றும் இல்லையே என்று கேட்பேன். ஒன்றும் இல்லை என்பார். இரண்டு பேரும் மூச்சு விடுவோம்.

ஆயுத பூஜை அன்று போனால், நல்ல நேரம் என்று விடியற்காலையிலேயே பூஜையை முடித்துவிட்டிருந்தார்கள். கன்டெய்னர் தூக்குகிற கிரேனுக்கு வாழைக்கன்று. எடை மேடைக்குத் தோரணம். கம்ப்யூட்டர்களுக்குப் பொட்டு. நம் ஃபயர்வாலுக்குச் சாமந்தி மாலை. காற்றுப் போவதற்காக அதில் விட்டிருந்த சந்துகளில்தான் சந்தனத்தை நன்றாகக் குழைத்து அப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் மாதா கோயில் ஜெபத்துக்குப் போகிற ஸ்டெல்லாவே எல்லா மானிட்டருக்கும் வரிசை பிசகாமல் குங்குமம் வைத்திருந்தார்.

பூஜையை நடத்தியவர் கிரேன் ஓட்டுகிற முனுசாமி. யார்டில் எல்லோருக்கும் அவர் நைனா. பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில்தான் தொடலாம் என்று சொல்லிவிட்டார். நாளைக்கு லாரிகள் வந்துவிடும், அப்புறம் அடுத்த ஆயுத பூஜைக்குத்தான் என்று ஸ்டெல்லா எவ்வளவோ சொன்னார். யாரும் கையை வைக்கக்கூடாது என்பதில் நைனா அசையவில்லை. அப்புறம் என் தோள் பையைப் பார்த்தார். ஃபயர்வாலிலிருந்து ஒரு கேபிள் மேஜைக்குக் கீழே சும்மா தொங்குவதையும் பார்த்தார். தாடையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்துத் தீர்ப்பு சொன்னார்:

"உன் பொட்டி பூஜையில இல்ல. ஒயரு வெளில தொங்கிகினு கீது, அத்த உன் பொட்டில சொருவிக்கோ. எங்க பொட்டி மேல மட்டும் கை படக் கூடாது."

திறந்திருந்த கதவு

தரையில் உட்கார்ந்து கேபிளைச் செருகி, லாகின் பக்கத்தைத் திறந்து ஸ்டெல்லா சொன்ன பாஸ்வேர்டை அடித்தேன். தவறு என்றது. மறுபடி அடித்தேன். தவறு. முந்தின நாள் சாயங்காலம் மேனேஜருக்கு யார்மீதோ கோபம் வந்திருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றிவிட்டுக் குடும்பத்தோடு மலைக்கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். ஸ்டெல்லா அவருக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

உள்ளே போக ஒரே வழிதான் பாக்கி. எந்த ஓட்டையை அடைக்க வந்தேனோ அந்த ஓட்டை. எனக்குக் கை வரவில்லை. வாடிக்கையாளரின் பெட்டிக்குள் பாஸ்வேர்டு இல்லாமல் நுழைவது எந்தக் கணக்கிலும் திருட்டுத்தான். லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்விடலாமா என்று யோசித்தேன். ஸ்டெல்லா போனை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"கதவு தொறந்துதான கெடக்குது அண்ணா. நாம போவலன்னா வேற எவனாச்சும் போவான். நீங்க போங்க, எது வந்தாலும் நான் சொல்லிக்கிறேன்."

விளக்கு அணைந்தது

போனேன். ஒரு வாய் டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, மொத்த யார்டும் என் மடியில் இருந்தது. மெயிலில் படித்தபோது வராத பயம் அப்போதுதான் வந்தது. அவசரமாக மேனேஜரின் வீட்டு வழியை மூடி, ஸ்டெல்லாவைப் புதுப் பாஸ்வேர்டு போடவைத்து, புது சாஃப்ட்வேரை ஏற்றினேன். அது ஏறி முடித்ததும் பெட்டி தானாக அணைந்து மறுபடி எழும். இதை முன்கூட்டியே நைனாவிடம் சொல்லிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பூஜை நாளில், மாலைக்கு நடுவில் மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அறையில் பொரி மெல்லுகிற சத்தம் நின்றது. பத்துப் பதினைந்து பேர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நைனா இன்னொரு கற்பூரத்தை ஏற்றிக் காட்டினார். எனக்கும் நீட்டினார், ஸ்டெல்லாவுக்கும் நீட்டினார். நாங்கள் இருவரும் பயபக்தியோடு ஒற்றிக்கொண்டோம். என் வாழ்க்கையில் அவ்வளவு மனசார வேண்டிக்கொண்டது அந்த நாலைந்து நிமிஷம்தான். பச்சை விளக்கு ஒன்று கண் திறந்தது, பிறகு மற்றவை. நைனா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்:

"பூஜை வீண் போவல. முழிச்சிக்கிச்சு பாரு."

விசாரணை

பழைய ஓட்டை வழியாக மறுபடி நுழையப் பார்த்தேன், விடவில்லை. ஸ்டெல்லா அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலை என்னையும் எங்கள் முதலாளியையும் யார்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ராத்திரி ஊர் திரும்பி, வீட்டிலிருந்து நுழைய முடியாத கோபத்தில் மேனேஜர் விடிந்ததும் யார்டுக்கு வந்து, ஸ்டெல்லாவிடம் புதுப் பாஸ்வேர்டை வாங்கி ஃபயர்வாலைத் திறந்திருக்கிறார். புது சாஃப்ட்வேரில் ஒரு நல்ல குணம். திறந்ததுமே, கடைசியாக யார் எப்படி உள்ளே வந்தார்கள் என்று முதல் வரியில் காட்டும். காட்டியிருக்கிறது: ஆயுத பூஜை அன்று ஒரு ஆள், பாஸ்வேர்டு இல்லாமல். வெளியாள் வந்தால் வேலை போகும் என்று சொன்னேனா இல்லையா என்று ஸ்டெல்லாவை நிற்கவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் போகச் சொன்னேன் என்றார் ஸ்டெல்லா. போனது நான் என்றேன். அப்படியானால் இரண்டு பேரும் சேர்ந்து திருடியிருக்கிறீர்கள் என்றார். எங்கள் முதலாளி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் நைனா, மேனேஜருக்கு எடுத்துவைத்த பூஜைப் பொரியோடு வந்தார். விஷயம் புரிந்ததும் பொட்டலத்தை மேஜையில் வைத்தார். "சாமி முன்னாடி, இத்தினி பேரு பாக்க, கற்பூரத்த ஒத்திக்கினு எவனாச்சும் திருடுவானா சார்? இந்தப் பொண்ணு எங்க கண்ணு முன்னாடிதான் உங்களுக்குப் போன் போட்டுகினே இருந்திச்சு. நீங்க எடுத்திருந்தா இந்தப் பேஜாரே கெடயாது" என்றார். சொல்லிவிட்டுப் போகவில்லை, அங்கேயே நின்றார். அவர் இங்கே நின்றால் கிரேன் அங்கே நிற்கும். வெளியே லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. ஒவ்வொரு ஹாரனுக்கும் மேனேஜரின் சுருதி இறங்கியது. கடைசியில் பொரியை ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சரி, எல்லோரும் போய் வேலையைப் பாருங்கள் என்றார்.

வெளியே வந்த ஸ்டெல்லா மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். வேலை தப்பித்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. அதற்குள் மேனேஜர் என்னை மட்டும் திரும்பக் கூப்பிட்டார். போனேன். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்:

"ஓட்டைய அடைச்சதெல்லாம் சரிப்பா. நான் வீட்ல இருந்து வர்றதுக்கு மட்டும் சின்னதா ஒண்ணு விட்டு வை."

ஆக, இத்தனை வருஷ சர்வீஸில், எங்கள் பெட்டியின் அந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைந்து கையும் களவுமாகப் பிடிபட்ட ஒரே ஆள், அதை அடைக்கப் போன நான்தான்.